பர்கருக்கு எத்தனை மார்க்?

என் பயணப் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு எப்போதும் இருக்கும். அட்டை முழுக்க எண்ணெய்க் கறை. உள்ளே, போன ஊர்களில் தின்ற பர்கர்களுக்கு நான் போட்ட மார்க். அதில் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். கோலாலம்பூரில் வந்திறங்கிய இரவு, தெருவோர வண்டியில் வாங்கிய பர்கருக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். நான்காம் நாள் மாலை அதே வண்டியில் அதே பர்கருக்கு ஆறு. வண்டிக்காரர் மாறவில்லை, சாஸ் மாறவில்லை. மாறியது என் வயிறுதான். முதல் நாள் முந்தின இரவிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாமல் வந்து நின்றேன். நான்காம் நாள் மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அப்படியானால் அந்த பர்கருக்கு உண்மையில் எத்தனை மார்க்?

நம்மூரில் புது ஹோட்டலை எடைபோட நாம் முதலில் சொல்வது இட்லி. மசாலாவும் முந்திரியும் போட்டு மறைக்க முடியாத பண்டம் என்பதால் அதில் கடையின் யோக்கியதை தெரிந்துவிடும். பர்கருக்கும் இதையே செய்யலாம் என்றுதான் நானும் தொடங்கினேன். எந்த ஊருக்குப் போனாலும் சாதாரண சீஸ் பர்கர் ஒன்று, அதற்கு ஒரு எண். சில ஊர்கள் தாண்டியதும் கணக்கு உதைத்தது. காஞ்சிபுரம் இட்லியைத் தின்றுவிட்டு ‘மல்லிகைப்பூ மாதிரி இல்லையே’ என்று குறை சொல்பவரை நாம் எப்படிப் பார்ப்போம்? மிளகும் சுக்கும் போட்டு, கொரகொரப்பாக அரைத்து, மூங்கில் குடலையில் வேகவைத்த பண்டம் அது. மல்லிகைப்பூவாக இருக்க அது ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. வெளிநாட்டு பர்கர்களுக்கு நான் போட்ட முதல் இருபது மார்க்கும் ஏறக்குறைய இந்த வகைத் தப்புதான்.

மார்க் போடுவதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நடுவில் இருக்கும் கறியிலிருந்து தொடங்குவோம். அதன் பெயரைத் தமிழில் எழுதுவதே ஒரு சங்கடம். ‘பாட்டி’ என்று எழுதினால் வீட்டுப் பெரியவர் கோபித்துக்கொள்வார், ‘பேட்டி’ என்று எழுதினால் யார் யாரைப் பேட்டி கண்டார்கள் என்று கேட்பீர்கள். கடைகளில் பேட்டி என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கோலா உருண்டை செய்தவர்களுக்குக் கொத்துக்கறியின் குணம் தெரியும். பொட்டுக்கடலை மாவு, தேங்காய், சோம்பு, வெங்காயம் எல்லாம் சேர்த்துப் பிசையப் பிசைய உருண்டை பிடிக்கும். அமெரிக்க பர்கர் இதற்கு நேர் எதிரான வேலை. மாட்டின் தோள்பட்டைப் பக்கத்துக் கறி, நூற்றுக்கு எண்பது பங்கு சதையும் இருபது பங்கு கொழுப்புமாக அரைத்தது. அவ்வளவுதான். மாவு இல்லை, முட்டை இல்லை. பிசையவும் கூடாது. உப்பைக்கூடக் கல்லில் போடும் நேரத்தில்தான் மேலே தூவுவார்கள். முன்கூட்டியே உப்புப் போட்டுப் பிசைந்தால் கறியிலிருக்கும் புரதம் உப்பில் கரைந்து பசையாகிவிடும். வெந்தபின் கடித்தால் சாசேஜ் மாதிரி ரப்பர்த்தன்மை வந்துவிடும். நல்ல அமெரிக்க பேட்டி வாயில் உதிர வேண்டும். கட்டியாகச் சேர்ந்திருப்பதே அங்கே குறை.

கராச்சியின் பன் கபாபில் இந்தச் சட்டம் தலைகீழ். அங்கே கறியோடு பருப்பை வேகவைத்து அரைத்துச் சேர்க்கிறார்கள். அடித்த முட்டையில் தோய்த்து வாட்டுகிறார்கள். உதிர்ந்தால் அங்கே தோல்வி. ஜப்பானில் தட்டில் வைத்துச் சோற்றோடு தரும் ‘ஹம்பாகு’வில் ரொட்டித்தூளும் வதக்கிய வெங்காயமும் முட்டையும் சேரும். அது மெத்தென்று சேர்ந்திருக்க வேண்டும். ஹம்பாகு, ஹாம்பர்கர் இரண்டின் பெயரும் ஒரே ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்ததுதான். குணம் வேறு. அமெரிக்கச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கராச்சியில் மார்க் போட்டால் ஃபெயில்தான் வரும், தப்பு மார்க் போட்டவருடையது.

அடுத்தது முறுகல். தோசையின் ஓரம் பழுப்பாகி வாசனை எழுகிறதே, பேட்டியின் மேல் நடப்பதும் அதே வேதியியல்தான். புரதத்தின் துண்டுகளும் சர்க்கரையும் கடும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புது மணப்பொருள்களாக மாறுகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912ல் இதை விவரித்தார். இது வேகமாக நடக்கச் சூடு சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். கறியின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. கல் காயாமல் ஊற்றிய தோசை வெளுத்துக் கிடப்பதும், சூடில்லாத கல்லில் போட்ட பேட்டி சாம்பல் நிறத்தில் தன் சாற்றிலேயே வேகுவதும் ஒரே கதை.

இதிலிருந்துதான் இன்று உலகமெங்கும் ஓடும் ‘ஸ்மாஷ்’ பர்கர் வந்தது. உருண்டையைக் காய்ந்த கல்லில் வைத்து இரும்புக் கரண்டியால் சப்பென்று அழுத்திவிடுவார்கள். அழுத்தினால் சாறு போய்விடாதா என்று கேட்பீர்கள். போட்ட முதல் அரை நிமிடத்துக்குள் அழுத்தினால் போகாது. கொழுப்பு இன்னும் உருகியிருக்காது, சாறும் கறியை விட்டுப் பிரிந்திருக்காது. கல்லோடு ஒட்டும் பரப்பு மட்டும் கூடும். வெந்த பேட்டியைத் திருப்பித் திருப்பி அழுத்துகிற கடைக்காரர்தான் சாற்றைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு வெறும் சக்கையை நமக்குத் தருகிறார். இதைக் கவனிக்கக் கல் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். நான் மேசை தேடுவதில்லை. கவுண்டர் ஓர ஸ்டூல்தான் தேடுவேன்.

வேகாத நடுப்பகுதி பற்றியும் சொல்லிவிடுகிறேன், உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். சில ஊர்களில் உள்ளே இளஞ்சிவப்பாக வேண்டுமா என்று கேட்பார்கள். முழுத் துண்டாக வாட்டும் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், சூடு பட்டதும் செத்துவிடும். அரைத்த கறியில் மேற்பரப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. வெளியே இருந்தது உள்ளே கலந்துவிடுகிறது. 1993ல் அமெரிக்க மேற்குப் பகுதியில் சரியாக வேகாத பர்கரால் ஈ.கோலை கிருமி பரவி நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. சிவப்பாக இல்லை என்பதற்காக நான் ஒருபோதும் மார்க் குறைப்பதில்லை. பயணத்தின் நடுவில் வயிற்றுப்போக்கோடு ஹோட்டல் அறையில் கிடப்பதற்கு எந்தச் சுவையும் ஈடாகாது.

பன்னைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் மார்க்கில் பாதியை அதற்குத்தான் வைத்திருக்கிறேன். பன்னின் முதல் வேலை ஏந்துவது. கடைசிக் கடி வரை கையில் பிரியாமல் வர வேண்டும். இரண்டாவது வேலை, கடிக்கும்போது பேட்டிக்கு விட்டுக்கொடுப்பது. தோல் தடித்த ரொட்டியில் பேட்டியை வைத்தால், கடித்த மாத்திரத்தில் உள்ளே இருப்பதெல்லாம் பின்பக்கமாக வழுக்கி வெளியே வந்து மடியில் விழும். ஐரோப்பிய நகரம் ஒன்றில் விலை கூடிய ஓர் உணவகத்தில் எனக்கு இது நடந்தது. ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் மரக்குச்சி செருகி, மரப்பலகையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். குச்சியை உருவியதும் கோபுரம் சாய்ந்தது. அடிப்பன் ஏற்கெனவே சாற்றில் ஊறிக் கஞ்சியாகியிருந்தது. கத்தியும் முள்கரண்டியும் கேட்டு வாங்கித் தின்றேன். நாலு மார்க். கறி என்னவோ அருமையான கறிதான். அதனால்தான் கோபம் கூடுதல்.

ஊறுவதைத் தடுக்க பன்னின் வெட்டுமுகத்தைக் கல்லில் வாட்டுவார்கள். வாட்டிய பரப்பு சாற்றைச் சிறிது நேரம் தாங்கும். சரி, ஊறினால் தப்பு என்று எழுதிக்கொள்ளலாமா? இஸ்தான்புல்லுக்குப் போனால் அதையும் அடிக்க வேண்டிவரும். தக்சிம் சதுக்கத்து ஓரக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆவியில் வேர்த்தபடி வரிசையாக அடுக்கியிருப்பார்கள் ‘இஸ்லாக்’ ஹாம்பர்கரை. இஸ்லாக் என்றால் ஈரம். பூண்டும் தக்காளியும் சேர்ந்த சாஸில் பன்னையே நனைத்து ஆவிப்பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். நம் சாம்பார் இட்லி மாதிரி, ஊறினால்தான் பண்டம். உள்ளங்கையில் அடங்கும் அளவு, நாலு கடியில் முடிந்துவிடும். பகலில் அதைப் பார்த்தால் தின்னத் தோன்றாது. நள்ளிரவுக்கு மேல், கூத்தும் குடியும் முடிந்து வருகிறவர்களுக்காகச் செய்தது என்று தெரிந்தபின் அந்த நேரத்துக்குப் போய் நின்றேன். ஒன்றோடு யாரும் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. முதலில் போட்ட ஐந்தை அடித்து எட்டு ஆக்கினேன்.

ஆவியும் சின்ன அளவும் அமெரிக்காவிலேயே பழைய வழிதான். 1921ல் கான்சஸ் மாநிலத்து விசிட்டாவில் தொடங்கிய ஒயிட் கேசில் கடைகளில், அரிந்த வெங்காயத்தின் மேல் சின்னச் சதுர பேட்டிகளைப் பரப்பி, அதன் மேலேயே பன்னை வைத்து ஆவியில் வேகவைத்தார்கள். ஐந்து சென்ட் விலை. முறுகலே இல்லாத பர்கர். முறுகல்தான் பர்கரின் உயிர் என்று மேலே இவ்வளவு நேரம் சொன்னேனே, அதை இங்கே கேட்க முடியாது. இங்கே வெங்காய ஆவிதான் சுவை.

சீஸ் விஷயத்தில் என் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி வரும் மஞ்சள் நிறப் பதப்படுத்திய சீஸ்தான் பர்கருக்குச் சரி. அதில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால் அது வழவழவென்று உருகிக் கறியோடு ஒட்டும். நாள்பட்ட உயர்ந்த செடார் சூடு பட்டதும் எண்ணெய் ஒருபக்கம், கட்டி ஒருபக்கம் என்று பிரிந்து நிற்கும். தனியாகத் தின்னப் பிரமாதம், பர்கரில் அது விருந்தாளி.

இனி, ஒரு பர்கர் என்னவாக இருக்க நினைக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரைக் கேட்டால் சொல்லும். ஓக்லஹோமா நகரத்திலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் போனால் எல் ரீனோ என்ற சிற்றூர். பழைய ரூட் 66 சாலை அதன் வழியாகத்தான் போகும். ரயில்வே தொழிலாளர்கள் நிறைந்திருந்த ஊர். 1920களில் கையில் காசு இல்லாத காலத்தில், கறியைக் குறைத்து வெங்காயத்தைக் கூட்டி பர்கர் செய்யத் தொடங்கினார்கள். வெங்காயம் மலிவு, கறி விலை. அந்த வழக்கம் இன்றும் அங்கே ஓடுகிறது. ராபர்ட்ஸ் கிரில் என்ற கடை 1926லிருந்து இருக்கிறது.

கல்லருகே நின்று பார்த்தால் வேலை இப்படி. கறி உருண்டையைக் கல்லில் வைக்கிறார்கள். அதன் மேல் தாள் போலச் சீவிய வெங்காயம், கறியின் அளவுக்குச் சற்றும் குறையாமல் ஒரு கைப்பிடி. பிறகு கரண்டியால் ஓங்கி அழுத்துகிறார்கள். வெங்காயம் கறிக்குள் புதைகிறது. கறியின் அடி முறுகியதும் கரண்டியைக் கல்லோடு சுரண்டி எடுத்து ஒரே வீச்சில் திருப்புகிறார்கள். இப்போது வெங்காயம் கீழே, கறி மேலே. கறிக்கொழுப்பு வெங்காயத்தின் மேல் இறங்குகிறது. ஓரத்து இழைகள் கருகுகின்றன, நடுவில் இருப்பவை வெந்து இனிக்கின்றன. பன்னை மேலே கவிழ்த்து வைத்ததும் வெங்காய ஆவி அதில் ஏறுகிறது. நம்மூர்க் கறி தோசைக் கடை வாசலில் நிற்பது போன்ற வாசனை. அதைத் தின்றுவிட்டு ‘கறி கம்மியா இருக்கே’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கறி கம்மி என்பதிலிருந்துதான் அது பிறந்தது. கறியைக் குறைத்ததை நாக்குக்குத் தெரியாமல் செய்திருக்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. செய்திருக்கிறார்கள். என் நோட்டிலேயே பெரிய எண் எல் ரீனோவினுடையது: ஒன்பது. பத்து யாருக்கும் போட்டதில்லை, அது என் கஞ்சத்தனம்.

கனெடிகட்டின் நியூ ஹேவனில் உள்ள லூயிஸ் லஞ்ச் கடையில் கெட்சப் கேட்கக் கூடாது. ஹாம்பர்கர் பிறந்தது 1900ல் தங்கள் கடையில்தான் என்கிறார்கள். டெக்சாஸும் விஸ்கான்சினும் இதை ஒப்புக்கொள்ளாது, அந்தச் சண்டை தீராது. பன்னே கிடையாது அங்கே, வாட்டிய வெள்ளை ரொட்டித் துண்டு இரண்டு. சீஸ், வெங்காயம், தக்காளி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கடுகு சாஸும் இல்லை. பழைய இரும்பு அடுப்பில் கறியை நிற்கவைத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வாட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் எதிர்த்துருவம். தெருமுனை மீன்-சிப்ஸ் கடையில் ‘எல்லாம் போட்டது’ ஒன்று கேட்டால் பொரித்த முட்டை, பேக்கன், அன்னாசி வளையம், அதோடு டின்னில் வரும் பீட்ரூட் துண்டும் வரும். பீட்ரூட்டின் சாறு பன்னைச் சிவப்பாக்கி, முழங்கை வரை வழியும். நம்மவர்களுக்குப் பீட்ரூட் என்றால் பொரியல்தான், பர்கரில் எதற்கு என்று தோன்றும். டின் பீட்ரூட்டின் புளிப்பு கொழுப்பை வெட்டுகிறது, ஊறுகாய் செய்கிற வேலை. இது புரிய எனக்கு இரண்டு பர்கர் ஆனது. முதலாவதிலிருந்து பீட்ரூட்டைப் பிடுங்கித் தூரப் போட்டேன், இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஜப்பானில் நாகசாகி மாவட்டத்து சசேபோ, அமெரிக்கக் கடற்படைத் தளம் உள்ள துறைமுகம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் மாலுமிகளிடமிருந்து கற்ற பர்கரைத் தன் ஊர்ப் பேரிலேயே விற்கிறது. மோஸ் பர்கர் நிறுவனம் 1987ல் பன்னுக்குப் பதில் அமுக்கி வாட்டிய சோற்று வட்டையே வைத்துவிட்டது. இதையெல்லாம் பர்கர் என்று ஒப்புக்கொள்வதா என்ற வாதத்துக்குள் நான் போவதில்லை. பொருளாதாரக்காரர்களே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். 1986லிருந்து எகனாமிஸ்ட் பத்திரிகை பிக் மேக் என்ற ஒரே பர்கரின் விலையை நாடு நாடாக ஒப்பிட்டு நாணய மதிப்பை அளந்துவருகிறது. இந்தியாவுக்கு வந்தபோது மாட்டிறைச்சி பிக் மேக் இங்கே கிடையாது என்பதால் கோழியில் செய்த மகாராஜா மேக்கை வைத்துக் கணக்குப் போட்டார்கள். எண்களில் அவ்வளவு கறாராக இருப்பவர்களே ஊருக்கு ஏற்ப அளவுகோலை வளைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டால் மார்க்குக்கு அர்த்தம் இல்லை. காஞ்சிபுரம் இட்லியிலும் நல்லது, மட்டமானது உண்டு. அதனால் இப்போது இரண்டு எண் எழுதுகிறேன். ஒன்று, அந்த வகைக்குள் அது எத்தனை தேறுகிறது என்பது. மற்றது, என் நாக்குக்கு எத்தனை பிடித்தது என்பது. இரண்டும் மூன்று மார்க்குக்கு மேல் விலகினால் நான் இன்னும் அந்த ஊரைப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள், இன்னொரு முறை போக வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் பசியையும் எழுதுகிறேன்: சும்மா, பசி, கொலைப்பசி. கொலைப்பசியில் போட்ட மார்க் செல்லாது. விமானத்திலிருந்து இறங்கிய அன்று போட்டதும் செல்லாது, காய்ந்துபோன மூக்குக்குப் பாதி வாசனை எட்டாது. முதல் கடியை நம்புவதில்லை, அதில் உப்பும் சூடும் ஏமாற்றும். மூன்றாவது கடியில்தான் பன்னும் கறியும் சேர்ந்து வாய்க்கு வரும். கடைசிக் கடியில் பர்கரின் கட்டுமானம் தெரியும். நாலரை, ஏழே முக்கால் எல்லாம் எழுதுவதில்லை. பர்கரில் அவ்வளவு நுணுக்கமாக அளக்கும் நாக்கு எனக்கு இல்லை, இருப்பதாகச் சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை.

சைவக்காரர்களுக்கும் இதே நோட்டு உதவும். கறிக்குப் பதில் கட்லெட் என்றாலும் முறுகல், பன், ஊறல் மூன்றும் அப்படியேதான். ஒன்றை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நம்மூர் பேக்கரி பர்கரின் இனிப்பு பன்னும் மயோனைஸும் நம் நாக்கில் ஓர் அளவுகோலாகக் குந்தியிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லா ஊரிலும் உப்பு கூடுதலாகத்தான் தெரியும்.

கோலாலம்பூர் வண்டிக்குத் திரும்புவோம். அங்கே பர்கர் என்றால் ராம்லி. 1979ல் ராம்லி மொக்னி என்பவர் மனைவியோடு சேர்ந்து சிறு அளவில் தொடங்கிய தொழில் அது. அப்போது கிடைத்த பேட்டிகள் ஹலால்தானா என்ற சந்தேகம் முஸ்லிம்களுக்கு இருந்தது. சந்தேகமில்லாத பேட்டியைத் தானே செய்துவிடலாம் என்று இறங்கினார். இன்று நாடு முழுக்க இரவு வண்டிகளில் ஓடுவது அவர் நிறுவனத்து பேட்டிதான். நான் மூன்றாம் முறை போனபோது உறவுக்காரத் தம்பி ஒருவர் கூட வந்தார். இரவு ஒன்பது மணி இருக்கும். “அண்ணே, டாகிங்கா ஆயாமா?” என்றார். மாடா, கோழியா என்று கேள்வி. “எங்க வீட்ல மாடு சாப்பிட மாட்டோம்ணே, எனக்கு ஆயாம்.” எனக்கு டாகிங் ஸ்பெஷல் சொன்னோம். ஸ்பெஷல் என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

வண்டிக்காரர் முதலில் பன்னைப் பிளந்து மார்ஜரின் தடவிக் கல்லில் கவிழ்த்தார். பேட்டியையும் மார்ஜரினிலேயே போட்டார். ஒரு பக்கம் வெந்ததும் கரண்டி நுனியால் அதைப் பக்கவாட்டில் கீறி, புத்தகம் போலத் திறந்து, உள்ளும் கல்லில் படவிட்டார். கருப்பு சாஸ் சில சொட்டு, மிளகுத்தூள். பிறகு ஒரு முட்டையை நேராகக் கல்லில் உடைத்து, கரண்டியால் கைக்குட்டை அளவுக்குத் தேய்த்தார், முட்டை தோசை ஊற்றுவது போல. அதன் நடுவில் பேட்டி. மேலே மிளகாய் சாஸ், மயோனைஸ். முட்டையின் நாலு ஓரத்தையும் ஒவ்வொன்றாக மடித்துப் பொட்டலம் கட்டினார். பன்னில் அரிந்த கோஸ், வெள்ளரிக்காய், அதன் மேல் பொட்டலம், மறுபடி சாஸ். மெழுகுத்தாளில் சுற்றிக் கையில் தரும்போது சூடு விரலைச் சுட்டது.

ஆலையில் செய்த பேட்டி அது, அமெரிக்கக் கணக்கில் பார்த்தால் கெட்டியாகச் சேர்ந்திருக்கும், உதிராது. முறுகலும் கம்மி. நான்காம் நாள் நான் ஆறு போட்டதில் நிறைந்த வயிற்றோடு இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. இந்த பர்கர் நம்பியிருப்பது கறியை அல்ல, முட்டையை. சாஸில் பெரும்பங்கு முட்டைப் பொட்டலத்துக்குள் அடைபட்டிருப்பதால் பன் ஊறவில்லை. கடித்தால்தான் சாஸ் வெளியே வருகிறது. அந்த ஐரோப்பிய உணவகம் குச்சி செருகியும் செய்ய முடியாததை இந்த வண்டிக்காரர் ஒரு முட்டையில் செய்துவிட்டார்.

நோட்டில் இப்போது இருப்பது எட்டு. பசி: சும்மா. போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாஸ் தாராளமாக ஊற்றுவார்கள், ‘குராங் சோஸ்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள், குறைப்பார்கள். வாங்கியதை அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், வண்டிப் பக்கத்திலேயே நின்று தின்றுவிடுங்கள். கால் மணி நேரம் தாளுக்குள் இருந்தால் அதே பர்கர் ஆறுதான்.